நிலக்கரி: ஹாட்லிச் சுரங்கமும் நுரைச்சோலைப் புகைபோக்கியும்

க.பொ.த. (சாதாரண தரம்) – வரலாறு
அலகு: கைத்தொழிற் புரட்சி – துணைப்பாடம்



கைத்தொழிற் புரட்சி பற்றி வினா வந்தால் நம் பிள்ளைகளில் பெரும்பாலானோர் எழுதும் விடை எனக்கு மனப்பாடம். பறக்கும் நாடா – ஜோன் கே. நூற்கும் ஜெனி – ஜேம்ஸ் ஹாகிரீவ்ஸ். நீராவி இயந்திரம் – ஜேம்ஸ் வாற். பட்டியல் முடிந்ததும் விடையும் முடிந்துவிடும். “சமூக விளைவுகளை விளக்குக” என்று அடுத்த பகுதி கேட்டால், “தொழிலாளர்கள் துன்பப்பட்டனர்” என்று ஒரே ஒரு வரி. யார் துன்பப்பட்டார்கள், எங்கே, எப்படி, அதன் பின் என்ன மாறியது என்று எழுதினால்தான் அது விளக்கம் ஆகும். அதற்கு உதவியாகவே இத்துணைப்பாடம். பாடநூலுக்கு இது மாற்று அல்ல. பாடநூலை வாசித்துவிட்டு இதை வாசியுங்கள்.

நிலக்கரி இல்லாமல் கைத்தொழிற் புரட்சி இல்லை. நிலக்கரி என்றால் என்ன என்பதை எங்கள் பகுதி மாணவருக்கு நான் படம் வரைந்து காட்டத் தேவையில்லை. ஆகவே தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குவோம்.

நம் கரைக்கு நிலக்கரி வந்த கதை

புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில், மாம்புரிக்குப் பக்கத்தில் இருப்பது நுரைச்சோலை. (அம்பாறை மாவட்டத்திலும் நுரைச்சோலை என்று ஓர் ஊர் உண்டு. தேசப்படத்தில் கிழக்குக் கரையில் புள்ளி வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.) இங்கே உள்ள லக்விஜய அனல் மின் நிலையம் இலங்கையின் ஒரேயொரு நிலக்கரி மின் நிலையம். ஒவ்வொன்றும் 300 மெகாவாற்று கொண்ட மூன்று பிரிவுகள். மொத்தம் 900 மெகாவாற்று.

இது ஏன் கட்டப்பட்டது? ஒரு காலத்தில் நமது மின்சாரத்தின் மிகப் பெரும் பகுதி லக்ஷபான, விக்டோரியா போன்ற நீர்மின் நிலையங்களிலிருந்தே வந்தது. மழை பொய்த்தால் விளக்கும் அணையும். 1996ஆம் ஆண்டு வரட்சியில் நாடு முழுவதும் நீண்ட நேர மின்வெட்டு ஏற்பட்டது. 2001, 2002 ஆண்டுகளிலும் அதே கதை. டீசலில் மின்சாரம் எடுப்பது செலவு கூடியது. எனவே நிலக்கரி என்ற யோசனை வலுத்தது. உண்மையில் அந்த யோசனை அதற்கும் முந்தியது. 1980களில் திருகோணமலையில் அமைக்கப் பேசப்பட்டது. பின்னர் வேறு இடங்களும் ஆராயப்பட்டு, 1990களில் நுரைச்சோலை தெரிவானது.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. கடற்றொழில் செய்வோர் கரையையும் மீனையும் நினைத்துப் பயந்தார்கள். மணல் நிலத்தில் வெங்காயம், மிளகாய், மரக்கறி செய்வோர் கிணற்று நீரையும் பயிரில் படியும் தூசியையும் நினைத்துப் பயந்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் எதிர்த்தது. தலவில அன்னம்மாள் திருத்தலம் அண்மையில் இருப்பது அதற்கு ஒரு காரணம். திட்டம் பல ஆண்டுகள் இழுபட்டது. இறுதியில் சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனுதவியோடு 2006இல் வேலைகள் தொடங்கின. முதற் பிரிவு 2011 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. மற்ற இரண்டும் 2014இல் சேர்ந்தன. அவ்வாண்டு செப்டெம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் இலங்கை வந்திருந்தபோது நிலையம் முழுமையாகத் திறந்து வைக்கப்பட்டது.

இலங்கையில் நிலக்கரிப் படிவு கிடையாது. காரீயம் உண்டு, அதுவும் காபன்தான், ஆனால் எரிபொருளாகப் பயன்படுத்தும் பொருள் அல்ல. (நமது மாகாணத்திலேயே குருநாகல் மாவட்டத்தில் கஹட்டகஹக் காரீயச் சுரங்கம் இருக்கிறது. இரண்டையும் குழப்பி எழுதுவோர் உண்டு.) ஆகவே நுரைச்சோலையில் எரியும் நிலக்கரி முழுவதும் கப்பலில் வருகிறது. இதுவரை இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, ரஷ்யா ஆகிய நாடுகளிலிருந்து வந்திருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 22 இலட்சம் தொன் தேவை. ஒரு கப்பலில் சுமார் 60,000 தொன் வரும் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள்: முப்பத்தாறு, முப்பத்தேழு கப்பல்கள்.

அந்தப் பெரிய கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. ஆழக்கடலில் நங்கூரமிட்டு நிற்க, தட்டையான பாதைகளில் நிலக்கரியை இறக்கி இறங்குதுறைக்குக் கொண்டு வருகிறார்கள். (‘பாதை’ என்பது இங்கே வீதி அல்ல, சரக்கேற்றும் தட்டை மிதவை.) தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் இந்த வேலை நடவாது. ஆகவே வருடம் முழுவதற்கும் வேண்டிய நிலக்கரியை ஏறத்தாழ ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை இறக்கி, முற்றத்தில் மலை போலக் குவித்து வைக்கிறார்கள். பிறகு மே மாதம் காற்று எழும்பும். அந்தக் குவியலுக்கும் சாம்பல் மேட்டுக்கும் மேலாக வரும் காற்று எந்தப் பக்கம் போகும் என்று புவியியல் படித்த நீங்கள் சொல்லுங்கள். தென்மேற்கிலிருந்து வடகிழக்கே, கடலிலிருந்து ஊருக்குள். துணி காயப்போட முடியவில்லை, வெங்காயத் தாளில் கறுப்புப் படிகிறது என்று சுற்றுவட்டாரக் கிராம மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்திருப்பதன் புவியியற் காரணம் இதுதான்.

இங்கே ஒரு விசித்திரத்தையும் கவனியுங்கள். மாம்புரிக் கரையில் நிற்கும் காற்றாலைகள் 2010இல் 10 மெகாவாற்றோடு தொடங்கியவை. நாட்டில் தனியார் அமைத்த முதற் காற்றாலைகள் இவைதான். நிலக்கரி இறக்குவதை நிறுத்தும் அதே பருவக்காற்றே இவற்றை மிக வேகமாகச் சுழல வைக்கிறது.

சரி. புகைபோக்கி நம்மிடம் இருக்கிறது. சுரங்கம் நம்மிடம் இல்லை. நிலக்கரியின் கதையில் பாதி எங்கள் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. அந்த மறுபாதியைப் பார்க்க, நிலக்கரிக் காலம் தொடங்கிய இங்கிலாந்துக்குப் போவோம். நாம் பார்க்கப் போவதும் ஒரு கடற்கரை ஊர்தான்.

இயந்திரம் முதலில் இறைத்தது தண்ணீர்

இங்கிலாந்தின் வடகிழக்கில் நியூகாசில் நகரைச் சுற்றிய பகுதியில் நிலக்கரி நெடுங்காலமாகத் தோண்டப்பட்டது. அது கப்பலேறி லண்டனுக்குப் போனது. கடல்வழி வந்ததால் லண்டன் மக்கள் அதைக் ‘கடற்கரி’ என்றே அழைத்தார்கள். காடுகள் குறைந்து விறகு விலை ஏற ஏற, கரியின் தேவை கூடியது. மேலே இருந்த கரி தீர்ந்தது. ஆழமாகத் தோண்டினார்கள். ஆழமாகத் தோண்டினால் என்ன வரும்? கிணறு வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தண்ணீர்.

இங்கேதான் உங்கள் விடைகளில் நான் அடிக்கடி காணும் பிழை இருக்கிறது. “ஜேம்ஸ் வாற் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தார், அதனால் தொழிற்சாலைகள் தோன்றின” என்று எழுதுகிறீர்கள். தோமஸ் நியூகொமன் என்பவர் 1712இலேயே டட்லி என்ற இடத்துக்கு அருகில், ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் நீரை இறைக்க நீராவி இயந்திரம் அமைத்துவிட்டார். அதன் மேலே ஒரு பெரிய உத்தரம் நடுவில் தாங்கி, இரு பக்கமும் ஏறி இறங்கும். அப்பாமார் காலத்துத் தோட்டக் கிணற்றில் இருந்த துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் மிதிப்பதற்குப் பதிலாக நீராவி அந்தத் துலாவை அசைத்தது. வாற் 1769இல் காப்புரிமை பெற்றது, இந்த இயந்திரம் வீணாக்கிய எரிபொருளைப் பெருமளவு மிச்சப்படுத்தும் ஒரு திருத்தத்துக்காக. ஆக, நீராவி இயந்திரம் பிறந்தது நெசவாலையில் அல்ல, கரிச் சுரங்கத்தின் வாயில். புகையிரதமும் அப்படியே. சுரங்கக் கரியை வண்டியில் தள்ளத் தண்டவாளம் போட்டார்கள். ஜோர்ஜ் ஸ்ரீபன்சன் ஒரு சுரங்கத்தில் இயந்திரம் பராமரித்தவர். 1825இல் திறந்த ஸ்ரொக்டன் – டார்லிங்டன் பாதையின் முதல் நோக்கமும் கரி ஏற்றுவதுதான். இதை இரண்டு வரியில் எழுதினாலே உங்கள் விடை மற்றவரின் விடையிலிருந்து வேறுபட்டுத் தெரியும்.

கீழே இருந்தவர்கள்

சுரங்கத்தில் தண்ணீருக்கு அடுத்த எதிரி வாயு. கரிப் பாறையிலிருந்து கசியும் மெதேன், மெழுகுதிரிச் சுடர் பட்டால் வெடிக்கும். 1812இல் பெலிங் என்ற சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 92 பேர் இறந்தனர். அதன் பிறகே ஹம்பிரி டேவி 1815இல் பாதுகாப்பு விளக்கை அமைத்தார். சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பி வலை. வெப்பம் வலையில் பரவிக் குறைவதால் வெளியே உள்ள வாயு தீப்பற்றாது. இது நல்ல கண்டுபிடிப்புத்தான். ஆனால் விளக்கு இருக்கிறது என்ற துணிவில், முன்பு வாயுவுக்குப் பயந்து விட்டிருந்த பகுதிகளுக்கும் ஆட்களை அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.

காற்றோட்டத்துக்காகச் சுரங்கப் பாதைகளில் கதவுகள் இருந்தன. வண்டி வரும்போது திறந்து, போனதும் மூட வேண்டும். அதற்குப் பெரியவர் எதற்கு என்று ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளை வைத்தார்கள். இருட்டில், தனியே, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் வரை ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே வேலை. சற்று வளர்ந்தவர்கள், பெண்களும் சிறுமியரும் உட்பட, இடுப்பில் பட்டியும் சங்கிலியும் கட்டி, தவழ்ந்து தவழ்ந்து கரி வண்டி இழுத்தார்கள்.

1838 ஜூலை 4ஆம் திகதி யோக்ஷயரில் சில்க்ஸ்ரன் என்ற ஊரின் சுரங்கத்தில் பெருமழை வெள்ளம் புகுந்தது. வெளியேற முயன்ற 26 பிள்ளைகள் நீரில் அகப்பட்டு இறந்தார்கள். இளையவருக்கு வயது ஏழு. நாட்டில் பேச்சு எழுந்தது. 1840இல் விசாரணை ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. 1842இல் வெளிவந்த அதன் அறிக்கையில் படங்களும் இருந்தன. வாசிக்க மனமில்லாத கனவான்களும் படத்தைப் பார்த்தார்கள். ஆஷ்லி பிரபு பாராளுமன்றத்தில் சட்டமூலத்தைக் கொண்டு வந்தார். 1842ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்களையும், பத்து வயதுக்குக் குறைந்த ஆண் பிள்ளைகளையும் நிலத்தடி வேலையில் அமர்த்தக் கூடாது என்றது. பத்து வயதானால் இறக்கலாம் என்பதே இதன் மறுபக்கம். சட்டம் எதைத் தடுத்தது என்பதோடு, எதை விட்டுவைத்தது என்பதையும் எழுதப் பழகுங்கள்.

ஹாட்லி, 1862

(பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரிக்கும் இதற்கும் தொடர்பில்லை.)

நோதம்பலாந்து மாவட்டத்தில் வட கடலோரம் உள்ளது ஹாட்லி. அங்கிருந்த பழைய சுரங்கத்துக்குள் கடல்நீர் புகுந்ததால் 1844இல் அதைக் கைவிட்டார்கள். மறு ஆண்டே சற்று உள்ளே தள்ளிப் புதிய இறங்குகுழி தோண்டத் தொடங்கினார்கள். இறங்குகுழி என்பது கிணறு போல நேராகக் கீழே போவது. ஹாட்லியில் அதன் குறுக்களவு ஏறத்தாழ 12 அடி, ஆழம் ஏறத்தாழ 600 அடி. நமது பெரிய தோட்டக் கிணறு ஒன்றின் வாயளவுதான் அகலம். ஆழமோ அப்படி நாற்பது கிணறுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாலும் போதாது.

இந்த ஒற்றைக் குழிதான் எல்லாவற்றுக்கும் வழி. ஆட்கள் இறங்கியதும் ஏறியதும் இதிலே. கரி வந்ததும் இதிலே. நடுவே பலகைத் தடுப்பு வைத்து, ஒரு பக்கத்தால் நல்ல காற்றை இறக்கி மறு பக்கத்தால் கெட்ட காற்றை ஏற்றினார்கள். நீர் இறைக்கும் குழாய்களும் இதற்குள்ளேதான். இரண்டாவது குழி தோண்டினால் செலவு. சட்டமும் கேட்கவில்லை. எனவே தோண்டவில்லை. ஹாட்லி மட்டும் இப்படி இருந்தது என்று எண்ண வேண்டாம். அக்காலத்தில் ஒற்றைக் குழிச் சுரங்கங்கள் பல.

கடலோரச் சுரங்கமாதலால் நீர் ஓயாது ஊறியது. அதை இறைக்க மிகப் பெரிய நீராவி இயந்திரம் ஒன்றைக் குழிவாயின் மேலேயே நிறுத்தியிருந்தார்கள். அதன் வார்ப்பிரும்புத் துலாவின் எடை 42 தொன்.

1862 ஜனவரி 16ஆம் திகதி, வியாழக்கிழமை காலை. ஒரு முறை வேலையாட்கள் மேலே வரும் நேரம். அடுத்த முறையினர் ஏற்கெனவே இறங்கிவிட்டார்கள். அதாவது இரண்டு முறை ஆட்களும் ஒரே நேரத்தில் கீழே. எட்டுப் பேரை ஏற்றிய கூடு மேலே வந்துகொண்டிருந்தபோது துலா நடுவே முறிந்தது. இருபது தொன்னுக்கு மேற்பட்ட இரும்பு குழிக்குள் விழுந்தது. பலகைத் தடுப்பும் சுவரும் சரிந்து, குழி பாதி வழியில் அடைபட்டது. கூட்டில் இருந்தவர்களில் ஐவர் இறந்தனர், மூவர் காப்பாற்றப்பட்டனர். கீழே இருந்தவர்களுக்கு வேறு வழியே இல்லை.

மேலே மனைவிமாரும் தாய்மாரும் பனியில் நின்றார்கள். அயல் சுரங்கங்களின் தொழிலாளர் முறை வைத்து இரவு பகலாக இடிபாட்டை அகற்றினார்கள். வாயு தாக்கி அவர்களே மயங்கி விழ, மாற்றாட்கள் இறங்கினார்கள். அடைப்பைத் தாண்ட ஆறு நாட்கள் ஆயின. உள்ளே ஒருவரும் உயிரோடு இல்லை. இரும்பு விழுந்து அவர்கள் இறக்கவில்லை. காற்றோட்டம் நின்றதால் நஞ்சு வாயு சூழ்ந்து, உறங்குவது போலக் கிடந்தார்கள். தந்தையும் மகனும், அண்ணனும் தம்பியும் அருகருகே. மொத்தம் 204 ஆண்களும் சிறுவர்களும். ஒரு சிறிய ஊரில் 204 என்றால், வேலை செய்யும் ஆண்கள் அநேகமாக எல்லோருமே என்று பொருள். கரையில் தொழிலுக்குப் போன வள்ளங்கள் எல்லாம் ஒரே நாளில் திரும்பி வராவிட்டால் ஓர் ஊர் எப்படி இருக்கும்? எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அதே 1862இல் பாராளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது: ஒரு சுரங்கத்துக்கு ஒன்றுக்கொன்று தொடர்புள்ள குறைந்தது இரண்டு வழிகள் இருக்க வேண்டும். செலவு அதிகம் என்று அதுவரை சொல்லி வந்த அதே காரியம், சில மாதங்களில் கட்டாயமாயிற்று.

திகதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பெலிங் 1812, விளக்கு 1815. சில்க்ஸ்ரன் 1838, சட்டம் 1842. ஹாட்லி ஜனவரி 1862, சட்டம் அதே ஆண்டு. எல்லா இடத்திலும் சாவு முந்தி, சட்டம் பிந்தி. “அரசாங்கம் தொழிலாளர் நலன் கருதிச் சட்டங்களை இயற்றியது” என்று நீங்கள் எழுதும் வசனம் முழுப் பொய்யல்ல. ஆனால் அது கதையின் கடைசிப் பக்கம் மட்டும். தொழிற்சங்கங்கள் வளர்ந்ததையும், சுரங்கத் தொழிலாளர் தமக்கென உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பத் தொடங்கியதையும் இந்த வரிசையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

பின்னர் நடந்தவை (சுருக்கமாக)

1913இல் பிரித்தானியா 28 கோடி தொன்னுக்கு மேல் நிலக்கரி எடுத்தது. பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் அத்தொழிலில் இருந்தனர். 1947 ஜனவரி 1ஆம் திகதி சுரங்கங்கள் தேசியமயமாயின. எண்ணெய், எரிவாயு, மலிவான இறக்குமதிக் கரி ஆகியவற்றால் தொழில் தேய்ந்தது. 1984–85இல் சுரங்க மூடல்களுக்கு எதிராக ஒரு வருடம் நீடித்த வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. யோக்ஷயரில் கெலிங்லி என்ற கடைசி ஆழ்சுரங்கம் 2015 டிசெம்பரில் மூடப்பட்டது. கடைசி நிலக்கரி மின் நிலையம் 2024 செப்டெம்பர் 30ஆம் திகதி நின்றது. 1882இல் லண்டனில் முதல் நிலக்கரி மின் நிலையம் இயங்கிய நாளிலிருந்து எண்ணினால் 142 ஆண்டுகள். இலங்கையும் புதிய நிலக்கரி மின் நிலையங்கள் கட்டுவதில்லை என 2021இல் சர்வதேச அரங்கில் உறுதியளித்தது. ஆயினும் இருக்கும் லக்விஜயவிலிருந்தே நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வந்துகொண்டிருக்கிறது.

நிலக்கரியிலிருந்து பெறும் ஓர் அலகு மின்சாரத்துக்குச் சுமார் 400 கிராம் கரி எரிகிறது. உங்கள் வீட்டு மின் பட்டியலை எடுத்து, மாத அலகுகளில் மூன்றில் ஒரு பங்கைக் கண்டு, 400ஆல் பெருக்கிப் பாருங்கள். வரும் கிராம் கணக்கு எங்கோ ஒரு சுரங்கத்திலிருந்து உங்கள் வீட்டுக்காக ஒரு மாதத்தில் வந்தது.

மாதிரி வினாக்கள்

1. (அ) நியூகொமனின் இயந்திரம் எத்தேவைக்காக அமைக்கப்பட்டது?
(ஆ) ஜேம்ஸ் வாற் அதில் செய்த முன்னேற்றம் யாது?

2. 1842ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் இரண்டு ஏற்பாடுகளைத் தருக. அச்சட்டம் தீர்க்காத ஒரு பிரச்சினையைக் குறிப்பிடுக.

3. ஹாட்லியில் துலா முறிந்தது ஒரு விபத்து. ஆனால் 204 பேர் இறந்தது விபத்து மட்டும்தானா? காரணம் காட்டி விளக்குக. (“ஒற்றைக் குழி” என்ற சொல் இல்லாத விடைக்கு முழுப் புள்ளி எதிர்பார்க்க வேண்டாம்.)

4. நிலக்கரியினால் நன்மை பெறுவோரும் அதன் பாதிப்பைச் சுமப்போரும் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தையும் இன்றைய கற்பிட்டிக் குடாநாட்டையும் உதாரணங்களாகக் கொண்டு ஆராய்க.

நான்காம் வினாவுக்கு விடை எழுதும்போது ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள். 1996இன் மின்வெட்டையும் எழுத வேண்டும்; வெங்காயத் தாளில் படியும் கறுப்பையும் எழுத வேண்டும். விடையை ஒன்றரைப் பக்கத்துக்குள் அடக்கி, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.